தோய்க்காத சட்டை

கத்தரிக்கோலை வாங்கித் தனக்குப் பின்னால் வைத்துக்கொண்ட வைஜயந்தி, மாமனாரின் வலக்கையை முழங்கையருகே மெல்ல மடக்கி, அவர் அணிந்திருந்த மஞ்சள் கிரிக்கெட் சட்டையின் கையை அங்குலம் அங்குலமாக மேலேற்றினாள். சாஸ்திரிகள் அதைக் கத்தரித்துவிடச் சொல்லிவிட்டு வெளியே போயிருந்தார். இனி யார் அதை உடுத்தப் போகிறார்கள் என்பது அவருடைய கேள்வி. கேள்வியில் தவறில்லை. ஆனால் நான்கு ஆட்டங்களாகத் தோய்க்கப்படாத அந்தச் சட்டையைக் கத்தரிக்கோல் தொடுவதை அவளால் ஏற்க முடியவில்லை.

"சென்னை தோக்கற வரைக்கும் இதுல தண்ணி படப்படாதுன்னார்," என்றாள் மாமியார் அபயாம்பாள், கணவரின் தலையைத் தாங்கிப் பிடித்தபடி. "நானும் பதினஞ்சு நாளா மூக்கைப் பிடிச்சுண்டு மடிச்சு வெக்கறேன். அவா தோக்கவே மாட்டேங்கறா."

சொன்ன பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டாள். சட்டை தலைவழியே முழுதாகக் கழன்று வந்தது. வைஜயந்தி அதைக் கொண்டுபோய்ப் பால்கனியில் கிடந்த காலி வாளியில் போட்டுவிட்டு, வேட்டியை எடுத்து வந்தாள்.

ஜம்புநாதன் அன்று காலை ஐந்தரை மணிக்கு மைதானத்துக்குப் புறப்பட்டவர். நாற்காலியில் உட்கார்ந்து காலணியின் நாடாவைக் கட்டினார். ஒரு காலுக்குக் கட்டி முடித்திருந்தார். மறு காலின் நாடா அவிழ்ந்தபடி இருக்க, தலை மார்பில் சாய்ந்திருந்தது. காப்பியோடு வந்த வைஜயந்திதான் முதலில் பார்த்தாள். மருத்துவர் வந்து பார்த்துச் சான்று எழுதிக் கொடுத்தார். அலுவலக வேலையாகச் சென்னை சென்றிருந்த அவள் கணவன் பத்ரிக்குப் பகல் விமானத்தில் இடம் கிடைத்தது. மூன்று மணிக்குள் வந்துவிடுவான். நான்கு மணிக்கு எடுப்பதென்று முடிவாயிற்று.

குளிர்பெட்டியின் மேல் முதல் மாலை விழுந்தபோது அவள் கண் தொலைக்காட்சிப் பெட்டிக்கு அருகிலிருந்த நீலக் கோப்பின்மேல் போய் நின்றது. முந்தின நாள் மாலை அதை அவள் கையில் கொடுத்துவிட்டு அவர் சொன்னார்:

"நாளைக்கு அஞ்சு மணியோட முடிஞ்சுது. நான் பத்து மணிக்கு மாநகராட்சிக்குப் போறேன். எனக்கு ஏதாவது தட்டிப்போச்சுன்னா நீ போய்க் குடுக்கணும். சும்மா குடுத்துட்டு வந்துடாதே. நகல்ல முத்திரை வாங்கு. முத்திரை இல்லேன்னா நீ குடுக்கவே இல்லேன்னு அர்த்தம்."

"தட்டிப்போறதுன்னா?"

"மழை கிழை வந்தா," என்று சிரித்தார்.

மும்பைக்குத் தென்கிழக்கே தேஹு ரோடு ராணுவக் கிடங்கில் முப்பத்து நான்கு ஆண்டுகள் பண்டகக் காப்பாளராக இருந்தவர் அவர். ஓர் ஆணியைக்கூட முத்திரையில்லாமல் கைமாற்றியதில்லை. ஓய்வு பெற்றுப் போசரியில் இந்த வீட்டுக்கு வந்த பிறகு, பக்கத்து அரசுப் பள்ளியின் மைதானத்துக்குத் தினமும் விடியற்காலையில் போய், அங்கு விளையாடும் பிள்ளைகளுக்கு ஓட்டக் கணக்கு எழுதினார். யாரும் அவரை அழைக்கவில்லை. எழுதப்படாத ஆட்டம் ஆடப்படாத ஆட்டம் என்பது அவர் கட்சி. தொழிற்பேட்டையில் கூலி வேலை செய்பவர்களின் பிள்ளைகள், தாங்கள் சென்ற மாதம் எடுத்த ஓட்டங்களை அவருடைய நோட்டுப் புத்தகத்தில் விரலால் தடவிப் பார்த்துக்கொள்வார்கள். ஆட்டோ ஓட்டும் முகமது ரஃபீக்கின் மகள் ஒருமுறை ஐந்து விக்கெட் எடுத்தாள். அந்தப் பக்கத்தை அவர் நகலெடுத்துக் கொடுக்க, ரஃபீக் அதைச் சட்டமிட்டு வீட்டில் மாட்டியிருந்தான்.

மைதானமில்லாத பள்ளி, மணியடிக்கிற டியூஷன் சென்டர் என்பார். அரசியலையும் அவர் ஆட்டத்தைக் கொண்டுதான் அளந்தார். கட்சி மாறியவர்களின் படங்கள் செய்தித்தாளில் வந்தால், "இவாளுக்கும் ஏலம்தான். கிரிக்கெட்ல அதை டிவியில காட்டிப் பண்றான், அந்த யோக்கியதையாவது அவனுக்கு இருக்கு," என்று தாளை மடித்து வைப்பார். தம் அணிக்குச் சாதகமாக நடுவர் தவறினால் வெற்றியைக் கொண்டாட மாட்டார். அன்றிரவு பாயசத்தைத் தொடமாட்டார். இத்தனை நியாயங்கள் உள்ள மனிதருக்கு ஒரே ஓர் இடத்தில் நியாயம் வழுக்கும். மும்பை அணியின் ரசிகர்களை அவர் மனிதர்களாக ஒப்புக்கொண்டதில்லை.

அந்த ரசிகர்களின் தலைவர், வைஜயந்தியின் தந்தை பட்டாபிராமன். மும்பை மாதுங்காவில் பிறந்து வளர்ந்து, வங்கி மேலாளராக ஓய்வு பெற்று, இதே குடியிருப்பின் பி விங்கில் இருப்பவர், குடியிருப்பின் செயலாளர். சம்பந்திகள் இருவருக்கும் ஆட்டக் காலத்தில் பேச்சு பால்கனி வழியாகத்தான். சென்னையின் விக்கெட் விழுந்தால் பி விங்கிலிருந்து பூஜை மணி ஒலிக்கும். மும்பையின் விக்கெட்டுக்கு ஏ விங்கிலிருந்து தட்டும் கரண்டியும். இந்த ஆண்டு அடுத்த சுற்றில் மீதமிருந்த கடைசி ஓர் இடத்துக்கு இரண்டு அணிகளும் போட்டியிட்டன. இன்றிரவு சென்னை வென்றால் அந்த இடம் சென்னைக்கு. மும்பை வெளியேறும்.

"என்ன ஓய், பாயிண்ட் கணக்குப் போட கால்குலேட்டருக்கு புது பேட்டரி போட்டாச்சா?" என்று பட்டாபிராமன் போன மாதம்கூடக் கீழிருந்து கேட்டார்.

"கூட்டல் தெரிஞ்சவன் கால்குலேட்டர் பாப்பான். உமக்கு எதுக்கு?" என்றார் ஜம்புநாதன்.

அதுவரை விளையாட்டு. அடுத்த வாரம் மாநகராட்சியின் அறிவிப்பு வந்தது. பள்ளி மைதானத்தை வாகன நிறுத்துமிடமாக மாற்றப் போவதாகவும், ஆட்சேபம் உள்ளவர்கள் முப்பது நாள்களுக்குள் எழுத்துமூலம் தெரிவிக்கலாம் என்றும் அதில் இருந்தது. மேம்பாடு என்றொரு சொல்லும் இருந்தது. ஜம்புநாதன் அந்தச் சொல்லை மட்டும் சிவப்பு மையால் சுழித்து வைத்தார். குடியிருப்பில் கார் நிறுத்த இடமில்லை. ஆகவே செயலாளர் என்ற முறையில் பட்டாபிராமன் திட்டத்தை வரவேற்றுக் கடிதம் அனுப்பினார். அன்று மாலை இருவரும் மாடிப்படியில் சந்தித்தார்கள்.

"கடலைத் தூர்த்து வீடு கட்டின ஊர்க்காரர்தானே நீர். மைதானத்தைத் தூர்க்க உமக்கு என்ன கஷ்டம்?" என்றார் ஜம்புநாதன்.

"உமக்குக் கார் கிடையாது. பேசுவீர்," என்றார் பட்டாபிராமன்.

அதன் பிறகு இன்றோடு பதினொரு நாள்களாக மணியும் ஒலிக்கவில்லை, தட்டும் ஒலிக்கவில்லை.

ஜம்புநாதன் ஆட்சேப மனு எழுதி, தெருத்தெருவாகப் போய்க் கையெழுத்து வாங்கி அந்த நீலக் கோப்பில் சேர்த்தார். தொழிலாளர் குடியிருப்பு, சந்தை, ஏ விங், எதையும் விடவில்லை. பி விங்கில் மட்டும் ஏறவில்லை. மைதானத்தை ஒட்டியிருப்பவர்களின் ஆட்சேபத்துக்குத்தான் எடை அதிகம், அந்தச் சுவரை ஒட்டி நிற்பது பி விங்தான் என்று வைஜயந்தி எடுத்துச் சொன்னாள். அவர் கேட்கவில்லை. "அவாகிட்ட விக்கெட்டைத்தான் கேப்பேன். கையெழுத்தைக் கேக்கமாட்டேன்," என்றார்.

இப்போது மணி பதினொன்று. இழவு வீட்டின் மருமகள் உடலை எடுக்கும் முன் வாசற்படி தாண்டுவது எப்படி? ரஃபீக்கை அனுப்பலாமென்றால், அவன் சாஸ்திரிகளை அழைத்துவந்த கையோடு மயானத்தில் பதிவு செய்யப் போயிருந்தான். அங்கிருந்து நேரே விமான நிலையம் போய்ப் பத்ரியை அழைத்துவர வேண்டும். வந்திருந்த மற்றவர்கள் கோப்பில் என்ன இருக்கிறதென்றே அறியாதவர்கள்.

பன்னிரண்டு மணிக்குப் பட்டாபிராமன் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றி, குளிர்பெட்டியின் கால்மாட்டில் நின்றார். கைகளைக் கட்டிக்கொண்டு நெடுநேரம் நின்றார். அபயாம்பாள் அவரைப் பார்த்ததும் ஓசையில்லாமல் அழுதாள். கட்டப்படாத நாடாவோடு சுவரோரம் கிடந்த ஒற்றைக் காலணியைப் பார்த்தார். பிறகு குனிந்து அதை அதன் இணையோடு சேர்த்து வைத்தார்.

வைஜயந்தி அவரருகே போனாள்.

"அப்பா, மாமாவோட ஃபைல். அஞ்சு மணிக்குள்ள குடுத்தாகணும். எனக்கு வேற யாரும் இல்லே."

"இப்ப பேசற விஷயமா இது?"

"இன்னிக்கு விட்டா இல்லேப்பா."

"வைஜு, நான் என்ன எழுதிக் குடுத்திருக்கேன்னு உனக்குத் தெரியும். அந்தக் கையாலயே இதையும் கொண்டுபோய்க் குடுக்கச் சொல்றயா?"

உள்ளே யாரோ தேங்காய் கேட்டார்கள், போனாள்.

திரும்பி வந்தபோது அவர் இல்லை. இழவு வீட்டிலிருந்து புறப்படுபவர்கள் சொல்லிக்கொண்டு போவதில்லை. ஆகையால் யாரும் அவர் போனதைப் பொருட்படுத்தவில்லை. வைஜயந்தி தொலைக்காட்சிப் பெட்டியின் அருகே பார்த்தாள். நீலக் கோப்பும் இல்லை.

மேசையின் அடியில், அலமாரியில், அபயாம்பாளின் அறையில் தேடினாள். தேடும்போதே அது அங்கே இருக்காது என்பது அவளுக்குத் தெரியும். தந்தையின் எண்ணுக்கு இரண்டு முறை அழைத்தாள். அவர் எடுக்கவில்லை. முறைப்படி தாம் அனுப்பிய கடிதத்துக்கு எதிராக ஒரு தாளும் போய்ச் சேரக்கூடாதென்று அவர் நினைத்திருந்தால்? அவர் பிடிவாதக்காரர், பொய்யர் அல்லர். ஆனாலும் இன்று மாலை ஐந்து மணிவரை ஒரு கோப்பை வீட்டில் வைத்திருப்பதற்குப் பொய் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. தன் தந்தையைப் பற்றி இந்த வீட்டில், இந்த நாளில், எப்படிச் சொல்வது?

பத்ரி வந்தான். தந்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, பெட்டியின் கண்ணாடியில் படிந்த ஈரத்தைக் கைக்குட்டையால் துடைத்துத் துடைத்து நின்றான். சடங்குகள் நடந்தன. பி விங்கிலிருந்து ஏழெட்டுப் பேர் வந்து ஒதுங்கி நின்றார்கள். மும்பைக் கொடியை ஜன்னலில் கட்டியவர்கள். இன்று அவர்களில் ஒருவர் கையில் பூ இருந்தது. தூக்கும்போது அவர்களில் இருவர் தோள் கொடுத்தார்கள். அவர்களுள் ஒருவர் வைஜயந்தியைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் போனார்.

"சம்பந்தி மாமா எங்கே?" என்றாள் அபயாம்பாள். வண்டி புறப்படும்வரை படிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ன சண்டையானாலும் கடைசிக்கு வரவேண்டாமா?"

பத்ரி வண்டியில் ஏறுமுன் மனைவியிடம் தணிந்த குரலில் சொன்னான்: "வழியனுப்பக்கூட வரலை உங்கப்பா. நன்னாயிருக்கு."

வண்டி போயிற்று. பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். ஒவ்வொருவராகக் குளித்தார்கள். அன்று உடுத்தியிருந்தவை அனைத்தையும் அலசிப் பால்கனிக் கொடிகளில் போட்டார்கள். மணி ஐந்தானபோது வைஜயந்தி ஈரத்தலையோடு ஜன்னலருகே நின்றாள். மைதானத்தில் யாரும் விளையாடவில்லை. யார் சொன்னார்களோ, பிள்ளைகள் ஸ்டம்புகளைப் பிடுங்கி, ஓரமாகக் கிடத்திவிட்டுப் போயிருந்தார்கள். சுவருக்கு இப்பால் கார்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன.

ஆறரைக்கு மயானத்திலிருந்து ஆண்கள் திரும்பிக் குளித்தார்கள். அவர்களுடைய வேட்டிகளும் கொடியேறின. அப்போது திறந்திருந்த கதவுக்கு வெளியே பட்டாபிராமன் நின்றார்.

பகலில் வந்த அதே சட்டை. முதுகில் வியர்வை உப்பாகப் பூத்திருந்தது. பாதங்களில் சாலைப் புழுதி. இன்னும் குளிக்கவில்லை போலும், உள்ளே வரவில்லை. பத்ரி நிமிர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை. மகளைப் பார்த்து நீலக் கோப்பை நீட்டினார்.

"ஒரு மணிக்கே போயிருக்கணும். ஆத்துக்கு ஆத்து ஏறி இறங்கினதுல ரெண்டரை ஆயிடுத்து. அங்க போனா, புதுத் தாளுக்கும் நகல் கொண்டாங்கறான். கடை தேடிப் போயிட்டு வந்து மறுபடியும் வரிசை," என்றார். யாரிடமோ மன்னிப்புக் கேட்கும் குரலாக இருந்தது. யாரிடமென்று தெரியவில்லை.

அவள் கோப்பைத் திறந்தாள். ஜம்புநாதனின் ஆட்சேப மனுவின் நகல். அவர் வாங்கிய கையெழுத்துகள். கடைசியாகப் புதிதாகக் கோக்கப்பட்ட ஒரு தாள், பி விங். தரைத்தளத்திலிருந்து மேல்மாடிவரை ஒரு வீடு விடாமல். முதல் கையெழுத்து அவருடையது, செயலாளர் என்ற பதவியைக் குறிப்பிடாமல் வெறும் பெயராக. முதற்பக்கத்தின் மூலையில் ஊதா நிறத்தில் வட்ட முத்திரை. அதற்குள் நேரத்தை யாரோ பேனாவால் எழுதியிருந்தார்கள்: நான்கு ஐம்பது.

பத்ரி எழுந்து வந்து அவள் தோளுக்குமேல் பார்த்தான். பிறகு வாசலுக்குப் போய், பட்டாபிராமன் இன்னும் கழற்றாமலிருந்த செருப்புகளைப் பார்த்தபடி நின்றான்.

அபயாம்பாளுக்கு மராத்தி படிக்கத் தெரியாது. ஆனால் அந்த வட்டத்தை அவள் முப்பத்து நான்கு ஆண்டுகள் பார்த்திருக்கிறாள்.

"முத்திரை வாங்கிட்டேளா?" என்றாள்.

"வாங்கிட்டேன் மாமி."

அவள் தலையசைத்துவிட்டுப் பால்கனிக்குப் போனாள். பாக்கியிருந்த ஒரே துணி வாளியில் கிடந்தது. மஞ்சள் சட்டை. குழாயை வாளிக்கு நேராகத் திருப்பி, திருகில் கை வைத்தாள்.

"அதை நனைக்காதேங்கோ," என்றார் பட்டாபிராமன் வாசலிலிருந்தே. "ஏழரைக்கு மேட்ச் இருக்கு."

அபயாம்பாள் குழாயிலிருந்து கையை எடுத்தாள். சட்டையை வெளியே எடுத்து, உதறி, கொடியின் கோடியில் இடம் பார்த்துப் போட்டு, இரண்டு கிளிப் மாட்டினாள்.

வரிசையாகத் தொங்கிய ஈரத் துணிகளிலிருந்து நீர் சொட்டித் தரையில் ஓடிற்று. அது ஒன்று மட்டும் சொட்டாமல் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.