பத்திரிகையில் வெர்டியின் பெயர்

எங்கள் சபை வெர்டியின் பெயர் பத்திரிகையில் வந்த வியாழக்கிழமை எனக்குச் சோளரொட்டி தொண்டையில் இறங்கவில்லை. மிசிசிப்பியில் எங்கள் கறுப்பு ஜனங்களில் யாராவது ஓட்டுரிமை கேட்டு மனுப் போட்டால், இரண்டு வாரம் பெயரை அச்சடிப்பார்கள். வேலை கொடுத்த வெள்ளைக்காரர்கள் பார்க்க வேண்டும், மறுநாளே வேலையைப் பிடுங்க வேண்டும், அதற்குத்தான்.

என் புருஷன் ஹோசியா அதைக் கத்தரித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"பொம்பளைன்னா இவ பொம்பளை. என்னா துணிச்சல் பாரு."

"நான் மட்டும் யாரு? இருபது வருசமா உனக்கு ஆக்கிக் கொட்டுறவ."

"அது வேற, இது வேற புள்ள."

எங்கள் கல்யாணத்துக்கு முன்னால் வெர்டியைத்தான் அவர் தேவாலயத்திலிருந்து வீடுவரை கொண்டுபோய் விடுவார். எனக்கு வயிறு எரிந்தது. உரிமையாவது கிரிமையாவது, அவள் போன இடத்துக்கு நானும் போக வேண்டும், அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை, நான் சமைக்கும் வீட்டில் பல்வலி என்று சொல்லிவிட்டு மனுப் போடக் கோர்ட்டுக்குப் போனேன். குமாஸ்தா சட்டத்தில் ஒரு பத்தியைக் காட்டி விளக்கம் எழுதச் சொன்னான். எங்கள் ஆட்களைக் கழித்துவிட வைத்த பரீட்சை அது. எழுதிக் கொடுத்ததைப் படிக்காமலே ஓரமாகப் போட்டான்.

"உன் பேர் அச்சுக்குப் போகும், ஓசெல்லா. வெர்டி காலையில வந்து மனுவைத் திருப்பி வாங்கிட்டா. புத்திசாலி. நீயும் வாங்கிக்கோ. அவ சங்கதிய உங்க ஆளுங்க எல்லார்கிட்டயும் சொல்லு."

உள்ளதைச் சொல்கிறேன், எனக்குக் குளுகுளுவென்று இருந்தது. ஹோசியாவின் முகம் எப்படி மாறும் என்று நினைத்துப் பார்த்தேன்.

"என் மனு இருக்கட்டுங்க," என்றேன்.

வியாழக்கிழமை என் பெயர் வந்தது. மதியத்துக்குள் வேலை போனது. சாயங்காலம் சபையார் பத்துப் பேர் வீட்டுக்கு வந்தார்கள். வெர்டி கதவோரம் நின்றாள். ஹோசியா பத்திரிகையை இரண்டு முறை புரட்டினார்.

"இந்த வாரம் வெர்டி பேரைக் காணோமே?"

வெர்டி என்னைப் பார்த்தாள். எனக்குத் தெரியும் என்று என் முகத்திலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், இருபது வருட எரிச்சல் அடங்கிவிடும். ஆனால் அது குமாஸ்தா சொல்லி அனுப்பிய வார்த்தை. அதைக் கேட்டால், வந்தவர்களில் திங்கட்கிழமை மனுப் போடப் போவதாக இருந்த நாலு பேரும் பின்வாங்கிவிடுவார்கள்.

"அச்சுக்காரன் விட்டிருப்பான்," என்றேன்.

"அதானே. நீயே அவளப் பார்த்துத்தானே மனுப் போடப் போனே?" என்று சிரித்தார் ஹோசியா.

பாவி மனுஷன்.

"ஆமா, அவளப் பார்த்துத்தான் போனேன்," என்றேன்.