பால் கட்டிய நாட்கள்

வெளிநாடு என்றாலே குளிரும் என்று அவளுக்கு யார் சொல்லித் தொலைத்தார்களோ தெரியாது. விமானத்திலிருந்து 'பட்டாசு' கழுத்து வரைக்கும் பட்டன் போட்ட கம்பளி ஸ்வெட்டரோடு இறங்கினாள். கண்ணாடிக் கதவு திறந்ததும் அடுப்படிச் சூடு பளீரென்று முகத்தில் அடித்தது.

"இந்த வெயிலுக்கா பிளேன் ஏறி வந்தேன்? இது எங்க வீட்டு மொட்டை மாடியிலயே கெடைக்குமே!" என்று வாய்விட்டே சொன்னாள். கேட்க ஆளில்லை. பெயர் எழுதிய அட்டையோடு நின்ற வேன் டிரைவருக்கு அவள் பாஷை தெரியாது. பெட்டியை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தான்.

பட்டாசு என்பது வீட்டில் வைத்த பெயர். எல்லாம் அந்த வாயால் வந்தது. வயது இருபத்தாறு, காலர் தைப்பதில் கெட்டிக்காரி, ஐந்து மாதப் பிள்ளைக்குத் தாய். கடைசி விஷயம் மட்டும் தையல் கம்பெனிக்குத் தெரியாது. விண்ணப்பத்தில் கைக்குழந்தை உண்டா என்ற இடத்தில் ஏஜென்ட் 'இல்லை' என்று எழுதினார், இவள் கையெழுத்துப் போட்டாள். போடாமல் என்ன செய்வாள்? பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே வெளியே கிளம்பிய புருஷன், போனவன் போனவன்தான். அண்ணன் லாரி ஓட்டுகிறவன்; அவன் கொண்டுவருவது அவன் குடும்பத்துக்கே இழுத்துக்கோ பறிச்சுக்கோ என்றிருந்தது.

வேனில் புழுக்கம் தாங்காமல் ஸ்வெட்டரின் இரண்டு பட்டனைக் கழற்றினாள். உள்ளே சுடிதார் தொப்பலாக நனைந்திருந்தது. வியர்வை என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு வாசனை தெரிந்தது. பிள்ளைக்குக் கடைசியாகக் கொடுத்து பதினோரு மணி நேரம் ஆகியிருந்தது. அவசரமாகப் பட்டனைத் திரும்பப் போட்டுக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அந்த ஸ்வெட்டர் கழறவே இல்லை. எட்டுப் பேருக்கு ஒரே அறை, இரண்டடுக்குக் கட்டில்கள், நடுவில் ஒரே ஒரு மின்விசிறி. மற்ற பெண்கள் மெல்லிய பனியனிலேயே வெந்து கொண்டிருக்க, இவள் மட்டும் கம்பளிக்குள். கீழ்க்கட்டிலில் இருந்தவள் நம் பாஷைக்காரி. தூக்கத்தில்கூடப் பேச்சு ஓயாததால் ரேடியோ என்று பெயர் வாங்கியவள்.

"ஏம்மா, உனக்குக் காய்ச்சலா, இல்ல கிறுக்கா? பாக்குற எங்களுக்கே வேர்க்குது!"

"என் உடம்பு வாகு அப்படிக்கா" என்றாள் பட்டாசு.

தையல் கூடத்தில் ஐம்பது மிஷின் ஓடும். கட்டுக் கட்டாகக் காலர் வந்து விழும். மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, அங்கே பிள்ளை பசிக்கு அழுகிற நேரத்துக்கு, இங்கே மார் கல்லாகக் கனக்கும். கழிவறைக்கு ஓடித் தாழ்ப்பாள் போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு பாலைப் பீய்ச்சி விடுவாள். குழாயைத் திறந்தால் வெள்ளையாகச் சுழன்று போய்விடும். முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தால், சூப்பர்வைசர் அம்மாள் கடிகாரத்தைப் பார்ப்பாள், ஸ்வெட்டரைப் பார்ப்பாள்.

வேலை முடியும் வரை போன் லாக்கரில். இடையில் சாப்பாட்டு வேளை அரை மணி நேரம் மட்டும் கைக்கு வரும். முதல் நாள் அம்மா சொன்னாள்: "பாட்டில வாயில வச்சா தள்ளி விடறான்டி." இரண்டாம் நாள்: "ஸ்பூன்ல ஊத்தினா துப்பறான்." யாரைக் குற்றம் சொல்ல? ஒரு மாதம் முன்பே பாட்டிலைப் பழக்கு என்று அம்மா தலைபாடாக அடித்துக்கொண்டாள். இவள்தான் நாளைக்கு, நாளைக்கு என்று, டாக்ஸி வாசலில் ஹாரன் அடிக்கும் வரைக்கும் பிள்ளையை மார்பிலேயே போட்டிருந்தாள்.

மூன்றாம் நாள் போனில் பிள்ளையின் அழுகை கேட்டது. தொண்டை கட்டிப்போய், பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம்.

"காலையிலேர்ந்து ஒன்னுக்கே போகலடி. இன்னைக்கும் குடிக்கலன்னா ஆஸ்பத்திரியில சேக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாரு" என்று அம்மா விசும்பினாள்.

போனை வைத்துவிட்டு, சாப்பாட்டுக் கூடத்துப் பெஞ்சில் பட்டாசு ஓவென்று அழுதாள். ரேடியோ ஓடி வந்து அணைத்தாள். ஸ்வெட்டரைத் தாண்டி வந்த பாலில் அணைத்தவளின் தோளும் நனைந்தது. ரேடியோ மூன்று பிள்ளை பெற்றவள். விஷயம் ஒரு நொடியில் புரிந்துவிட்டது.

"அடிப்பாவி! பச்சப் புள்ளையையா விட்டுட்டு வந்த?"

"அக்கா, ஸ்வெட்டரைக் கழட்டிட்டுப் போய் சூப்பர்வைசர் முன்னாடி நிக்கிறேன். திருப்பி அனுப்பட்டும்."

"அனுப்புவாங்க. பேப்பர் முடியப் பதினஞ்சு நாள் ஆகும். புள்ள தாங்குமா?" என்ற ரேடியோ, குரலைத் தணித்துக்கொண்டு கேட்டாள்: "வீட்டுல பால் குடுக்கறவ வேற யாரும் இல்லையா?"

ஒருத்தி இருந்தாள். ஒரே வீட்டில், ஒரு சுவருக்கு அந்தப் பக்கம், நாலு மாதப் பெண் குழந்தையோடு அண்ணி இருந்தாள். புருஷன் போன அன்று, "இவ வாய்க்கு எவன் நிப்பான்?" என்று நாலு பேர் முன்னால் சொன்ன அதே அண்ணி. அன்றோடு பேச்சு முறிந்தது, அடுப்பு இரண்டானது, பத்து மாதம் ஆயிற்று. அந்த ஒரு வார்த்தையைப் பட்டாசால் இன்றுவரை விழுங்க முடியவில்லை. ஊரை விட்டுக் கிளம்பும்போதுகூட அம்மாவின் கையை இழுத்துத் தன் தலையில் வைத்து, "என்ன ஆனாலும் எம்புள்ள அவ மடியில விழக்கூடாது. எந்தலை மேல சத்தியம் பண்ணு" என்று வாங்கிக்கொண்டுதான் வண்டி ஏறினாள். வீம்பு. சுத்த வீம்பு.

மணி அடிக்கப் பத்து நிமிடம் இருந்தது. மறுபடியும் போனை எடுத்தாள்.

"அம்மா, அண்ணியைக் கூப்பிடு."

"அவ ரெண்டு நாளா கதவத் தட்டிக்கிட்டுதான் இருக்கா. நான் தெறக்கல. உந்தலை மேல சத்தியம் பண்ணிருக்கேன். நீ கண்காணாத எடத்துல ஒத்தையில கெடக்க. உனக்கு ஏதாவது ஆயிட்டா நான் என்னடி பண்ணுவேன்?"

"எனக்கு ஒன்னும் ஆகாதும்மா. சத்தியம் வாங்கினவ நான், நானே விட்டுட்டேன். கதவத் தெற!"

தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. அடுத்த நொடி போனில் அண்ணி. சுவரோரமே நின்றிருப்பாள் போல.

"அண்ணி..." என்று ஆரம்பித்தாள் பட்டாசு.

"நீ ஒன்னும் சொல்ல வேணாம். அவன் அழறப்பல்லாம் எனக்குப் பால் கொட்டுதுடி. ரெண்டு நாளா சோறு எறங்கல. அத்தே, புள்ளையக் கொண்டாங்க!"

போனை ஸ்பீக்கரில் போட்டு எங்கேயோ வைத்தார்கள். பூனைக்குட்டிச் சத்தம் கிட்டே வந்தது. ஒரு செருமல், ஒரு திணறல். பிறகு சத்தம் நின்றது. களுக், களுக் என்று விழுங்குவது மட்டும் கேட்டது. "குடிக்கிறான், குடிக்கிறான்" என்று அம்மா அழுதாள். ரேடியோ இரண்டு கையையும் மேலே தூக்கிக் கும்பிட்டாள். பட்டாசுக்கு உயிர் திரும்பி வந்தது. கூடவே வயிறு எரிந்தது. இரண்டையும் சேர்த்து அவளால் தாங்க முடியவில்லை.

"என் கண்ணு! என் ராசா!" என்று கத்திவிட்டாள்.

விழுங்குவது நின்றது. அடுத்த மூச்சில் பிள்ளை வீறிட்டான்.

"பேசாதடி!" என்றாள் அண்ணி. திட்டவில்லை, கெஞ்சினாள். "வாய விட்டுட்டு வாசலப் பாக்கறான். உங்குரலத் தேடறான். நீ பேசினா குடிக்க மாட்டான்டி."

பட்டாசு சுடிதார் ஷாலைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் தேம்பிவிட்டுப் பிள்ளை மறுபடி வாய் வைத்தான். களுக், களுக். இந்தப் பக்கம் ஸ்வெட்டருக்குள் பால் வழிந்து வயிறு வரைக்கும் இறங்கியது. மணி அடித்தது. போய்விட்டு வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் இணைப்பைத் துண்டித்தாள்.

சாயங்காலம் போன் கைக்கு வந்ததும் அண்ணிக்கு ஒரு செய்தி அனுப்பினாள்: "அவன் தூங்கினதும் சொல்லுங்க அண்ணி. அப்ப பேசறேன்."

அதற்குப் பிறகு, பிள்ளை விழித்திருக்கும் நேரத்தில் அவள் வீட்டுக்குப் போன் செய்யவே இல்லை.