தேறாத வண்டி ஒன்று தேவை

பள்ளி வேன் உரிமையாளர் சங்கத்துக்குப் போக்குவரத்து அலுவலகம் ஒரு சலுகை கொடுத்திருந்தது. வண்டிகளைச் சங்கமே சோதித்துச் சங்கமே சான்று கொடுத்துக்கொள்ளலாம். ஒருவர் வண்டியை இன்னொருவர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். சங்கத்தில் எல்லோரும் தங்கமான மனிதர்கள். வம்பே அதனால்தான் வந்தது. பதினோரு வருடத்தில் ஒரு வண்டிகூடவா தேறாமல் போகவில்லை என்று கேட்டு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. ஒழுங்கான பதில் இல்லையென்றால் சலுகை போச்சு.

தலைவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஓடியாடி அவர் உண்டாக்கிய சங்கம். அவசரமாகக் கூட்டம் போட்டார். ஒரே ஒரு வண்டியை நிறுத்திக் காட்டினால் அலுவலகத்தின் வாயை அடைத்துவிடலாம் என்று முடிவானது. யார் வண்டி என்றதும் அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள்.

"என் வண்டிய எடுத்துக்கங்க மாமா," என்றான் தலைவர் மனைவியின் தம்பி. "உங்களுக்காக ஒரு வாரம் வீட்ல உக்காந்தா நான் என்ன குறைஞ்சா போயிடுவேன்?"

தலைவருக்கு அவனை அப்படியே கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. இப்படி ஒரு மச்சினன் யாருக்கு வாய்ப்பான்!

மறுநாள் காலை, வண்டிகள் பள்ளிக்குக் கிளம்புமுன், பேருக்கு ஒரு குறை எழுதலாமென்று பேனாவோடு மச்சினன் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தார். அங்கே படுப்பது அதுதான் முதல் தடவை. பிரேக் ஆயில் போகும் ரப்பர் குழாய் பாளம் பாளமாக வெடித்துக் கசிந்துகொண்டிருந்தது. முந்தின நாள் மாலைவரை பதினாறு பிள்ளைகள் போய்வந்த வண்டி. போன மாதம்தான் அதற்கு 'எல்லாம் சரி' என்று அவரே கையெழுத்துப் போட்டிருந்தார்.

வெளியே வந்து அவன் சட்டையைப் பிடித்தார். "இத வச்சுக்கிட்டாடா ஓட்டுன? உனக்கு ஒண்ணுன்னா உங்கக்கா மூஞ்சில நான் எப்படிடா முழிப்பேன்?" கண் கலங்கிவிட்டது.

"நீங்க பாத்திருப்பீங்கன்னு இருந்துட்டேன் மாமா."

"உன்மேல இருந்த நம்பிக்கையில நான் எங்கடா பாத்தேன்?"

மச்சினன் எதிரே நின்ற தலைவரின் வண்டியையே பார்த்தான். உள்ளே அந்தத் தெருப் பிள்ளைகள் ஏறி உட்கார்ந்து ஜன்னலுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"உங்க வண்டிக்குக் கையெழுத்துப் போட்டது நான் மாமா," என்றான் மெல்ல.

தலைவர் ஓடிப்போய்ப் பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தூக்கி இறக்கினார்.

"அந்த ஆபீசுக்குப் போன் போடு. எல்லா வண்டியையும் அவங்களே வந்து பாக்கட்டும்."

"சலுகை போயிடுமே மாமா?"

"போகட்டும்டா. நம்மள ஒரு தடவைகூட பாத்திராத ஒருத்தன் வந்து பாக்கட்டும்."