டப்பாவுக்குக் கட்டிய துண்டு

1
"எழுதிடாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் அனுப்ரியா இதை என்னிடம் சொன்னாள். எழுதுகிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

2
முதல் வரி: காவாந்தண்டலத்து ரைஸ் மில்லில், காலை வெயிலில் தூசி பொன்னாக...

வேண்டாம். அங்கே ஒரு நாள் மூச்சு விட்டிருந்தால் பொன் என்று எழுத வராது.

மறுபடி: ஆராய்ச்சி மாணவி அனுப்ரியா, தவிடு கொட்டும் இடத்தில் ஒரு சின்ன டப்பாவை மாட்டினாள். காற்றில் எவ்வளவு தூசி என்று அளக்கும் மலிவான கருவி.* ஒரு மாதக் கணக்கில் தூசி அதிகம் என்று வந்தால், அதை உறிஞ்சி வெளியே தள்ளும் ஃபேன் போடுவதாக ஓனர் ஜெகதீசன் ஒத்துக்கொண்டிருந்தார். அங்கே தவிடு வாரி மூட்டை கட்டும் கோவிந்தம்மாளுக்கு ஆறு மாதமாக இருமல். ஃபேன் வந்தே ஆக வேண்டும்.

* பக்கத்தில் இருக்கும் ஓட்டை வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும். இதை யாரும் கோவிந்தம்மாளிடம் சொல்லவில்லை.

3
அளவு போனுக்கே வந்துவிடும் என்று அனுப்ரியா இடையில் அந்தப் பக்கம் போகவில்லை. (இதில்தான் எனக்கு அவள்மேல் கோபம்.) மாதம் முழுக்கக் குறைவாகவே வந்தது.

"பாத்தியாம்மா? நம்ம மில்லு காத்து கோயில் காத்தாட்டம் கீது" என்று சிரித்தார் ஜெகதீசன்.

கழற்றப் போனாள். டப்பாவைச் சுற்றி இறுக்கமாக ஒரு துண்டு.

"நாந்தாம்மா கட்னேன்" என்றாள் கோவிந்தம்மாள். "நீதானே பத்திரமா பாத்துக்கோன்னு சொல்லிட்டுப் போன? தூசி பூந்துக்கினா கெட்டுப்பூடுமே."

"யாரு துண்டு இது?"

"என்துதான். மூக்குல கட்டிக்கினு இருந்தேன். எனுக்கு இன்னா, பயகிப்போச்சு."

4
கோவிந்தம்மாளை இவ்வளவு நல்லவளாகக் காட்டினால் நம்புவீர்களா? ஒரு வரைவில் அவளைச் சண்டைக்காரி ஆக்கிப் பார்த்தேன். அவள் அனுப்ரியாவைத் திட்டியது எனக்கு ஆறுதலாக இருந்தது. அதனாலேயே கிழித்துப் போட்டேன்.

5
முடிவு ஒன்று: அனுப்ரியா உண்மையைச் சொல்லி, இன்னொரு மாதம் கேட்கிறாள். "ஒரு தபா ஒத்துக்கினேன், போதும்" என்கிறார் ஜெகதீசன். ஃபேன் இல்லை.

இன்னொன்று: அளவுகளை அவளே கூட்டி எழுதிவிடுகிறாள். ஃபேன் வருகிறது, இருமல் குறைகிறது. ஆனால் பொய் என்று தெரிந்துவிட்டால், அதற்குப் பிறகு எந்த மில்லில் எந்த டப்பா மாட்டினாலும் யார் நம்பி...

இரண்டும் பிடிக்கவில்லை. மூன்று வாரமாக யோசிக்கிறேன். இந்த மூன்று வாரமும் கோவிந்தம்மாள் அங்கேதான் தவிடு வாரிக்கொண்டிருக்கிறாள்.

இனி நீங்கள் யோசியுங்கள். என்னைப்போல் நேரம் எடுத்துக்கொள்ளாதீர்கள்.