காஜாக்காரியின் ஆரம்பகாலப் பாடல்கள்

காஜாக்காரி ஆரம்பத்தில் கட்டிய பாட்டுகள், யாரைப் பற்றிப் பாடினாளோ அவர் எந்த ஊரில் இருந்தாலும் அவர் காதில் மட்டும்தான் விழுந்தன. பக்கத்தில் நின்றவர்களுக்கு அவள் வாய் அசைவது தெரியும், அவ்வளவுதான்; எதையோ மெல்லுகிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள். பாடியவளுக்கே கேட்காது. தையல் கடையில் சட்டைகளுக்குப் பட்டன் துளை போடுவது, அதாவது காஜா எடுப்பது, அவள் வேலை. பெயர் அப்படி வந்தது. இந்தப் பாட்டு விஷயத்தை ஊரில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வருஷம் தண்ணீர்க் குழாய் பதிக்கத் தெருவைத் தோண்டிப் போட்டிருந்தார்கள், அவரவர்க்கு அவரவர் கவலை.

முதல் பாட்டு கட்டிங் மாஸ்டரைப் பற்றியது. கோட்டுத் துணியில் கத்தரி வைத்த நேரம் காதுக்குள் பாட்டு கிளம்ப, மனிதர் எழுந்துபோய் ரேடியோவை அணைத்தார். அது ஏற்கெனவே அணைந்துதான் இருந்தது. காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு கடை முழுக்கப் பென்சில் தேடும் ஒருவரைப் பற்றிய பாட்டு என்று அவரே சொல்லித்தான் தெரியும். மெட்டு எளிது, கிண்டலில் விஷமில்லை என்பது அவர் மதிப்பீடு. இரண்டாவது, எதிர் மருந்துக்கடைக்காரருக்கு. மூன்றாவது சரணத்தை எடுத்துவிடச் சொல்லி அவர் ஒரு வாரம் நடையாய் நடந்தார். அதில் என்ன இருந்தது என்று இன்றுவரை வாயைத் திறக்கவில்லை. அடுத்தது அவள் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரம்மாவுக்கு. தன் அழகைத்தான் பாடியிருக்கிறாள் என்று அந்த அம்மா சாதித்தாள். நம்பித் தொலைக்க வேண்டியதுதான், அந்தக் காதுக்குள் போய்க் கேட்கவா முடியும்? பிற்காலத்தில் இந்த மூன்றை வைத்தே காஜாக்காரியைத் தலையில் தூக்கிவைத்து ஆடியவர்களும் உண்டு. அது கொஞ்சம் அதிகம். இவையெல்லாம் கை பழகுவதற்கான பாட்டுகள். அவளுக்கு வேண்டியிருந்த காது வேறு.

அது அவள் அக்காவின் காது. அம்மா செத்தபோது அக்கா வெளியூரில் நிறைமாதமாக இருந்தாள். இந்த நேரத்தில் சொன்னால் தாங்கமாட்டாள் என்று காஜாக்காரி ஃபோன் பண்ணாமல் தள்ளிப்போட்டாள். யார் மூலமோ கேள்விப்பட்டு அக்கா வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து வீட்டையும் கழுவிவிட்டிருந்தார்கள். “எங்கம்மா முகத்தை நான் பாக்கணுமா வேணாமான்னு முடிவு பண்ண நீ யாருடி?” என்று கேட்டுவிட்டுப் போனவள்தான். வயிற்றிலிருந்த பிள்ளை பள்ளிக்கூடம் போகிற வயசாகியும் பேச்சில்லை. ஃபோன் போட்டால், குரலைக் கேட்டதும் கட் பண்ணிவிடுவாள். பாட்டைக் கட் பண்ண முடியாதே! ஆகவே காஜாக்காரி மன்னிப்புக் கேட்டுப் பாட்டுப் பாட்டாகக் கட்டித் தள்ளினாள். நான் பாவி, நான் தூங்கி நாளாச்சு, என் நெஞ்சு வேகுது என்று போகும். அதிசயம் என்னவென்றால், இந்தப் பாட்டுகள் அவளுக்கே கணீரென்று கேட்டன. நம்ம குரல் இவ்வளவு நல்லாவா இருக்கு என்று பூரித்துப்போனாள். அக்காவிடமிருந்து மட்டும் ஒரு ‘ம்’ கூட வரவில்லை.

“உனக்கே கேக்குதா?” என்றார் கட்டிங் மாஸ்டர், அளவெடுக்கும் டேப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே. “அப்ப அதெல்லாம் உன்னைப் பத்தின பாட்டும்மா. உங்க அக்காவுக்கு எப்படிக் கேக்கும்?”

காஜாக்காரி அன்று ஒரு சட்டையையும் தொடவில்லை. கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு கோபப்பட்டாள், மாஸ்டர்மேல்தான். அடுத்த வாரம் ஒரு பாட்டுக் கட்டினாள். வயிற்றைத் தாங்கிக்கொண்டு ஒருத்தி, கழுவின ஈரம் காயாத வீட்டுக்குள் வருகிறாள். யாரும் இல்லையென்று நினைத்து, அலமாரியிலிருந்த அம்மாவின் மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொள்கிறாள். போட்டுக்கொண்டு கட்டிலைப் பார்க்கிறாள், ஜன்னலைப் பார்க்கிறாள். ஒன்றும் தெளிவாகத் தெரியவில்லை, ஆனாலும் கழற்ற மனசு வரவில்லை. பாட்டு அவ்வளவுதான். அன்று சமையலறைக் கதவிடுக்கில் நின்று காஜாக்காரி பார்த்தது அது. இப்போது பாடும்போது வாய்தான் அசைந்தது, அவள் காதில் ஒன்றும் விழவில்லை.

மறுநாள் அக்கா வந்தாள். பஸ்ஸை விட்டிறங்கி நேரே கடைக்கு. மாஸ்டர் முக்காலியை நகர்த்திப் போட்டும் உட்காரவில்லை.

“அன்னிக்குப் பாத்துக்கிட்டா இருந்த?”

“ஆமாக்கா.”

“பாத்துமா கிட்ட வரல?”

“உன்னைப் பாக்கவே பயமா இருந்துச்சுக்கா.”

“பாட்டுல ரெண்டாவது அடி இழுக்குது,” என்றாள் அக்கா. எப்படி இழுக்கிறது என்று தங்கச்சிக்கு எங்கே தெரியும்? அவள்தான் அந்தப் பாட்டைக் கேட்டதே இல்லையே. அதைச் சொன்னதும் அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்துவிட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டு, சுருதியும் இல்லாமல் தாளமும் இல்லாமல், முழுப் பாட்டையும் பாடிக் காட்டினாள். காஜாக்காரி அந்தப் பாட்டை முதல்முதலாகக் கேட்டது அப்போதுதான். கடையில் இருந்த எல்லாருக்கும் கேட்டது. எதிரே மருந்துக்கடைவரைக்கும் கேட்டது.

பிற்காலத்தில் காஜாக்காரியின் பாட்டுகள் ஊருக்கே கேட்க ஆரம்பித்து, அவள் மேடையெல்லாம் ஏறினாள். ஆரம்பகாலப் பாடல்களில் சிறந்தது கண்ணாடிப் பாட்டுதான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் அதை எந்த மேடையிலும் அவள் பாடுவதில்லை. விரும்பிக் கேட்பவர்களிடம் அக்காவின் ஃபோன் நம்பரைக் கொடுத்துவிடுவாள்.