வாசலில் ஆட்டுத்தோல்

1918, ஐப்பசி. ஆம்பூரில் விஷ ஜுரம். அவசியம் இல்லாமல் யாரும் வெளியே வர வேண்டாம் என்று தமுக்கு அடித்துக் கேட்டுக்கொண்டார்கள். தோல் பதனிடும் ஷாப்பையும் மூடிவிட்டார்கள்.

அன்னம்மாளுக்குக் கைக்குழந்தை. தெருவிலிருந்து ஜுரம் வீட்டுக்குள் வரக் கூடாது. அவள் வேண்டியது அவ்வளவுதான்.

கணவன் தானியேல் துண்டை உதறித் தோளில் போட்டான்.

“எங்க, கெளம்பியாச்சு?”

“ஷாப்பு பக்கம். சுண்ணாம்புத் தொட்டி வாசனை மூக்குல ஏறினா ஜுரம் கிட்ட வராதாம்.”

“அந்த நாத்தத்துல சோறு எறங்கலன்னு தெனம் சொன்னது யாரு?”

“அது வேற. இது மருந்து.”

“தமுக்கு போட்டாங்களே, காதுல வுழல?”

“அது சும்மா சுத்துறவங்களுக்கு.”

ஷாப்புச் சுவரோரம் தெருவே நின்றிருந்தது. வெற்றிலை போட்டார்கள். சிரித்தார்கள். சும்மா சுற்ற வந்தவர் ஒருவரும் இல்லை.

மறுநாள் அன்னம்மாள் பின்சுவர் வழியாகப் பின்வீட்டு மஹ்பூபியைக் கூப்பிட்டாள். மஹ்பூபியின் கணவர் ஷாப்பு மேஸ்திரி. தொட்டியில் ஊறிய ஆட்டுத்தோல் ஒன்று சுவர் தாண்டி வந்தது. அன்னம்மாள் அதை வாசலில் தொங்கவிட்டாள்.

“மருந்து வீட்டுக்கே வந்தாச்சு. உக்காரு.”

தானியேல் உட்கார்ந்தான். வேறு வழியில்லை.

எதிர்வீட்டு ஆதிகேசவன் வந்து நின்றார்.

“ஷாப்பு வரைக்கும் இன்னாத்துக்கு நடக்கணும்? இங்கயே கொஞ்சம் மோந்துக்கினு போறேன்.”

அவர் பின்னால் முனியம்மா. அவள் பின்னால் மற்றவர்கள். வாசலில் கூட்டம். உள்ளே தூளியில் குழந்தை.

அன்னம்மாள் அரிவாள்மனையை எடுத்தாள். தோலைத் துண்டு துண்டாக அறுத்தாள்.

“ஆளுக்கு ஒண்ணு. அவங்கவங்க வாசல்ல மாட்டிக்குங்க. இங்க வராதீங்க.”

“மகராசி,” என்றார் ஆதிகேசவன். பெரிய துண்டாகப் பார்த்து எடுத்துக்கொண்டார்.

மதியம் மழை விட்டு வெயில் அடித்தது. தெரு நாறியது. முதலில் ஆதிகேசவன் வீட்டுக் கதவு மூடியது. பிறகு ஒவ்வொன்றாக மற்றவை. தோலைக் கழற்ற யாருக்கும் தைரியம் வரவில்லை. மருந்தாயிற்றே.

மாலையில் தானியேல் கதவைத் திறந்தான். உடனே மூடினான்.

“நாத்தம் கம்மி ஆவட்டும். அப்பறம் போறேன்.”

“ஷாப்பாண்டயும் இதே நாத்தம்தானே? அங்க மட்டும் எப்படி நின்ன?”

தானியேல் யோசித்தான்.

“அங்க பேச ஆளு இருந்தாங்க.”

“இங்கயும் இருக்கு. புடி,” என்று குழந்தையை அவன் மடியில் போட்டாள்.

குழந்தை அவன் மூக்கைப் பிடித்தது. நல்ல நேரத்தில்தான் பிடித்தது.