பத்து வருஷ அட்டை

என் வீட்டுக்காரர் என்னிடம் கூசாமல் பொய் சொல்வார். சாப்பிட்டாயிற்று என்பார், வயிறு ஒட்டிக் கிடக்கும். ஐந்து நிமிடத்தில் வருகிறேன் என்பார், ஒன்றரை மணி நேரம் ஆகும். முப்பத்தோரு வருடமாகக் கேட்டுக் கேட்டுப் பழகிப்போன பொய்கள் என்பதால் நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் கேரண்டி அட்டையில் அவரால் பொய் எழுத முடியாது. இது எனக்கே இந்த வருடம்தான் தெரிந்தது.

எங்கள் தொழில் ஒழுகல் அடைப்பது. மொட்டை மாடி, குளியலறை, தண்ணீர்த் தொட்டி என்று எது ஒழுகினாலும் எங்களைக் கூப்பிடுவார்கள். அவரும் இரண்டு ஆட்களும் மேலே வேலை பார்ப்பார்கள். நான் வீட்டு முன்னறையில் மேசை போட்டு உட்கார்ந்து, போன் எடுத்து, கத்துகிறவர்களைச் சமாதானம் செய்து, யாருக்கு எந்தத் தேதி என்று குறித்துக்கொள்வேன். உயரம் என்றால் எனக்குத் தலை சுற்றும், ஸ்டூல் மேல் ஏறி பல்பு மாற்றக்கூட மாட்டேன்.

வேலை முடிந்ததும் மாடியில் நாலு விரல் உயரத்துக்குத் தண்ணீர் கட்டி இரண்டு நாள் நிறுத்துவோம். கீழே கூரையில் ஈரம் தெரியவில்லை என்றால் மஞ்சள் அட்டை கொடுப்போம். அதில் விலாசம், தேதி, செய்த வேலை, எத்தனை வருடம், கையெழுத்து என்று ஐந்து கோடுகள். வருடக் கோட்டில் எப்போதும் பத்துதான். அச்சிலேயே பத்து என்று போட்டுவிடலாமே என்று ஒரு தடவை சொன்னேன். “கையால எழுதினாத்தான் எழுதறவனுக்கு ஒரு பயம் இருக்கும்” என்றார். அடியில் கார்பன் வைத்து எழுதுவதால் ஒரு நகல் எங்கள் ஃபைலிலும் இருக்கும்.

அவருக்குப் புராஸ்டேட்டில் புற்றுநோய் என்று தெரிந்து மூன்றரை வருடம் ஆகிறது. ஆபரேஷன் செய்து சுரப்பியையே எடுத்துவிட்டார்கள். எடுத்த பிறகு ரத்தத்தில் பி.எஸ்.ஏ. என்று ஓர் எண் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார வேண்டும். உட்கார்ந்தது. ஒரு வருடம் கழித்து மெதுவாக எழுந்து நடக்க ஆரம்பித்தது. புள்ளி இரண்டைத் தாண்டியதும் கதிர்வீச்சுக்கு எழுதிக் கொடுத்தார்கள். வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் முப்பத்து மூன்று தடவை போனோம். வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு, அடக்கிக்கொண்டு, ஆடாமல் அசையாமல் படுக்க வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு அவருக்கு அடக்குகிற சக்தியே பாதிதான் இருந்தது. “ஊர் ஒழுகலையெல்லாம் அடைச்சவனைப் பாரு” என்று அவரே சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மருந்துக் கடைக்குப் போய்ப் பெரியவர்கள் கட்டிக்கொள்ளும் பேட் வாங்கி வந்தேன். இப்போது தும்மினால் மட்டும்தான் தொல்லை.

கதிர்வீச்சுக்குப் பிறகு எண் புள்ளி பூஜ்யம் இரண்டுக்கு இறங்கியது. ஆறு மாதத்துக்கு ஒரு ரத்தப் பரிசோதனை, அப்புறம் டாக்டர். அவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் பார்க்கலாம் டாக்டர்.

“போயிடுச்சா டாக்டர்?”

“இப்போதைக்கு நல்லா இருக்கு. பார்க்கலாம்.”

“திரும்ப வருமா?”

“அதையும் பார்க்கலாம்மா.”

நல்ல மனிதர், கைராசிக்காரர், குறை சொல்ல மாட்டேன். இருந்தாலும் ஊருக்கெல்லாம் பத்து வருடம் எழுதிக் கொடுக்கிறவருக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு பத்து நாளுக்குக்கூட எழுதித் தர மாட்டேன் என்றால் எரிச்சல் வராதா?

ரத்தம் கொடுக்கும் நாள் நெருங்க நெருங்க வீட்டில் இரண்டு பேரும் சரியாக இருக்க மாட்டோம். அவர் ஏணியை எடுத்து வைத்துக் கழுவுவார். அழுக்கே இல்லாத ஏணி அது. நான் உப்பு டப்பா இடம் மாறியிருந்தால்கூடச் சண்டை பிடிப்பேன். எண் வரும், பரவாயில்லை என்பார்கள், அன்றைக்கு ஒழுங்காகச் சாப்பிடுவோம். ஐந்து மாதம் மனிதர்கள் மாதிரி இருந்துவிட்டு மறுபடி ஏணியைக் கழுவ ஆரம்பிப்பார்.

போன தடவை டாக்டரிடம் நான் கூடப் போகவில்லை. கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டு முகம் வீங்கிப் படுத்திருந்தேன். தனியாகப் போய்விட்டு வந்தார்.

“என்ன சொன்னாரு?” என்று பஞ்சைக் கடித்துக்கொண்டே கேட்டேன்.

“வழக்கம்போல பார்க்கலாம்னாரு. அடுத்த தடவை மூணு மாசத்துலயே வரச் சொல்லிட்டாரு. ஆறாவது மாசம் அவரு லீவுல போறாராம்.”

நானும் நம்பினேன். பல்லோடு சேர்த்து மூளையையும் பிடுங்கிவிட்டார்கள் போலிருக்கிறது.

அந்த மூன்று மாதம் முடிய எட்டு நாள் இருக்கும்போது பிசியோதெரபி நிலையம் நடத்தும் அம்மா போன் செய்தார். போன மாதம்தான் அவர் மாடி வேலையை முடித்துக் கொடுத்திருந்தோம்.

“பக்கத்துக் கட்டடத்துக்காரருக்கு பத்து வருஷம் எழுதிக் குடுத்திருக்கீங்க. எனக்கு மட்டும் மூணா? என் மாடி என்ன பாவம் பண்ணுச்சு?”

“கை தவறியிருக்கும்மா. வேற கார்டு குடுத்துடறோம்” என்று சொல்லிவிட்டு ஃபைலை எடுத்தேன்.

நகல்களைத் தள்ளிக்கொண்டே வந்தேன். பத்து, பத்து, பத்து. நான் பல் பிடுங்கிய நாளுக்கு இரண்டு நாள் கழித்து ஓர் அட்டையில் ஏழு. அடுத்தது ஐந்து, அதற்கடுத்ததும் ஐந்து. அப்புறம் நான்கு அட்டை வரிசையாக மூன்று. எழுத்து அவருடையதுதான், நிதானமாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியிருந்தார். கை தவறவில்லை என்று பார்த்த உடனே புரிந்தது.

அன்றைக்கு அவருக்கு ஓர் அச்சகத்தின் மாடியில் வேலை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனேன். பின்பக்கச் சுவரில் இரும்பு ஏணி. முதல் தளம், இரண்டாவது தளம் என்று எண்ணிக்கொண்டே கண்ணை மூடிக்கொண்டு ஏறினேன். கோபம் இருந்ததால் ஏற முடிந்தது. மேலே மாடி முழுக்கத் தண்ணீர் கட்டி நின்றது. அவர் மறுகோடியில் குனிந்து கைப்பிடிச் சுவரில் சாக்பீஸால் தண்ணீர் மட்டத்தைக் குறித்துக்கொண்டிருந்தார்.

நிமிர்ந்தவர் பேயைப் பார்த்ததுபோல் நின்றார். “நீ எப்படி மேல வந்தே?”

“காலாலதான். பி.எஸ்.ஏ. எவ்வளவு?”

ஆட்கள் இருவரும் எங்களை மாறி மாறிப் பார்த்தார்கள். “போய் டீ குடிச்சுட்டு வாங்க” என்று அவர்களை அனுப்பினார். அவர்கள் தலை ஏணியில் மறையும் வரை சாக்பீஸைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

“பாயிண்ட் ஜீரோ எட்டு.”

“ஜீரோ ரெண்டுதானே இருந்துச்சு?”

“ஆமா.”

“டாக்டர் நிஜமா என்ன சொன்னாரு?”

“இவ்வளவு கம்மியா இருந்தா ஸ்கேன்ல ஒண்ணும் தெரியாதாம். எங்க இருக்குன்னு தெரியாததுக்கு வைத்தியம் பண்ண முடியாதாம். மேல ஏறலாம், இப்படியே நிக்கவும் நிக்கலாம். ரொம்ப ஏறினா ஊசி இருக்காம். அதுவரைக்கும் பார்க்கலாம்னாரு.” சாக்பீஸைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, “பார்க்கலாம்னு சொன்னாருன்னுதானே உன்கிட்ட சொன்னேன், அது பொய்யில்லையே” என்றார்.

“லீவு?”

“அது பொய்.”

“அப்ப கார்டுல மூணு எங்கேர்ந்து வந்துச்சு? அவரு சொன்ன கணக்கா?”

“அவரு எங்க கணக்கு சொல்றாரு! எனக்கே தெரியல. எழுத உக்காந்தா பத்துன்னு கை போகல. பத்து வருஷம் கழிச்சு அந்தம்மா ஒழுகுதுன்னு போன் பண்ணினா யாரு போய்ப் பாக்கறது? எழுதிக் குடுத்துட்டு ஏமாத்தக் கூடாதில்ல?”

எனக்கு வந்ததே ஆத்திரம். “எவளோ ஒரு பிசியோ அம்மாவுக்கு மூணு வருஷம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கீங்க. எவனோ ஒரு கடைக்காரனுக்கு அஞ்சு. முப்பத்தோரு வருஷமா கூட இருக்கறவ நான். எனக்கு ஏன் எழுதிக் குடுக்கல?”

“நீ பயந்துடுவேன்னு…”

“இப்ப மட்டும் குளுகுளுன்னு இருக்கா?”

அழுதுவிட்டேன். அச்சக மாடியில், பட்டப்பகலில், மூக்கு ஒழுக நின்று அழுதேன். அவர் தண்ணீரில் சளக் சளக்கென்று நடந்து வந்தார். துடைக்கக் கர்சீப்பை நீட்டினார், அதில் தார் ஒட்டியிருந்தது. வேண்டாம் என்று முந்தானையால் துடைத்துக்கொண்டேன். அவருக்கும் கண் நிறைந்திருந்தது.

“பயமா இருக்கா?” என்று கேட்டேன்.

“ரொம்ப” என்றார். மூன்றரை வருடத்தில் அப்படி ஒரு பதிலை அவர் வாயிலிருந்து கேட்டது அன்றைக்குத்தான்.

ஏறின எனக்கு இறங்கத் தெரியவில்லை. அவர் முதலில் இறங்கி, எனக்கு இரண்டு படி கீழே நின்றுகொண்டு, என் கணுக்காலைப் பிடித்து ஒவ்வொரு கம்பியாக எடுத்து வைத்தார். நடுவில் ஒரு தும்மல் போட்டார். “போச்சு” என்று கீழேயிருந்து குரல் வந்தது. பயத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இனிமேல் அட்டையை நீங்கள் எழுத வேண்டாம் என்று மட்டும் தரைக்கு வந்ததும் சொன்னேன்.

எட்டாம் நாள் ரத்தம் கொடுத்தோம். இந்தத் தடவை அவர் ஏணியைக் கழுவவில்லை. நான் உப்பு டப்பாவுக்குச் சண்டை போடவில்லை. இரண்டு பேருக்கும் பயமாக இருக்கிறது என்று இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்ட பிறகு அதெல்லாம் தேவைப்படவில்லை. மறுநாள் எண் வந்தது. புள்ளி பூஜ்யம் ஒன்பது.

பார்க்கலாம் டாக்டர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். “ஒரே ரத்தத்தை ரெண்டு தடவை டெஸ்ட் பண்ணினாலே இந்த அளவுக்கு வித்தியாசம் வரும். அதனால ஏறிடுச்சுன்னும் சொல்ல முடியாது, நின்னுடுச்சுன்னும் சொல்ல முடியாது. மூணு மாசம் கழிச்சு வாங்க.”

“பார்க்கலாம், இல்லையா டாக்டர்?” என்றேன்.

“ஆமாம்மா” என்றார். கிண்டல் அவருக்குப் புரியவில்லை. புரிந்திருந்தாலும் வேறு என்ன சொல்வார், பாவம்.

வெளியே வந்து ஸ்கூட்டர் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றோம். கூரையில் ஒரு கறை தெரிந்தால், அது பழைய கறையா புதிய ஈரமா என்று முதல் நாளே சொல்ல முடியாது. உடனே தளத்தைக் கொத்தவும் மாட்டோம். கறையைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதிவிட்டு வருவோம். கொஞ்ச நாள் கழித்துப் போய், ஈரம் கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று பார்ப்போம்.

“கோடு போட்டாச்சு, அவ்வளவுதான்” என்றார் அவர்.

“அதுவரைக்கும் அந்த ரூம்ல இருக்கறவங்க என்ன பண்ணுவாங்க?”

“இருப்பாங்க. வேற என்ன பண்ணுவாங்க?” என்று வண்டியைக் கிளப்பினார்.

சாயங்காலம் அவர் குளிக்கப் போனபோது நான் மேசையில் உட்கார்ந்தேன். அவர் குறைத்து எழுதிய ஏழுக்கும் பதிலாக ஏழு புது அட்டைகளை எடுத்து அடியில் கார்பன் வைத்தேன். ஏழு விலாசம், ஏழு தேதி, வருடக் கோட்டில் ஏழு தடவை பத்து. அவர் சொன்னது சரிதான், கையால் எழுதும்போது பயமாகத்தான் இருந்தது. கையெழுத்துக் கோட்டில் என் பெயரைப் போட்டேன்.

துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தவர் ஓர் அட்டையை எடுத்துப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“உன் கையெழுத்தா?”

“ஏன், கம்பெனியில நானும்தானே இருக்கேன்?”

“பத்து வருஷத்துக்குள்ள ஒழுகினா?”

“நான் போய்ப் பாக்கறேன்.”

“உனக்கு என்ன தெரியும்? தார் ஷீட்டை எப்பவாவது கையால தொட்டிருக்கியா?”

“சொல்லிக் குடுங்க, கத்துக்கறேன். மூணு மாசம் இருக்குல்ல!”

வீம்புக்குச் சொன்னேன். நான் இருக்கும்போது நீ எதுக்கு ஏணி ஏறணும், போய் வேலையைப் பார் என்று அவர் அதட்டுவார் என்றுதான் நினைத்தேன். அதட்ட வேண்டும் என்று எவ்வளவு ஆசைப்பட்டேன் என்பது காத்திருந்த அந்த நேரத்தில்தான் எனக்கே தெரிந்தது. அது பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை, முப்பத்தோரு வருடப் பொய்களோடு அதையும் சேர்த்துக்கொண்டிருப்பேன்.

அவர் ஏழு அட்டைகளையும் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். பேனாவை வாங்கி, என் கையெழுத்துக்குப் பக்கத்தில் ஏழிலும் அவர் கையெழுத்தைப் போட்டார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

“நாளைக்கு பள்ளிக்கூட மாடியில ஷீட் ஓரம் ஒட்டற வேலை. அங்க படிக்கட்டுதான், ஏணி இல்ல. காலையில கூட வந்துடு. பழைய செருப்பு போட்டுக்கோ, தார் ஒட்டினா போகாது.”

சரி என்றேன். பரணுக்கு அடியில் கிடந்த பழைய செருப்பைத் தேடி எடுத்து, தூசி தட்டி, வாசலில் அவருடைய பூட்ஸுக்குப் பக்கத்தில் வைத்தேன். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வெளியே அவர் ஒவ்வோர் அட்டையாகக் கவரில் போடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.